கோவையில் வேலை, கூலி, வறுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணபதியில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வரும் பட்டறைக்காரர்களும், பி.எஃப். பணம் எடுக்க வழி கேட்டு வரும் தொழிலாளிகளும் எங்கள் வாசலில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். முறை வரும்வரை பேச்சு ஓடும். பேப்பரில் வந்த ஏதோ ஒரு சதவீதத்தில் ஆரம்பித்து வீட்டு வாடகையில் போய் முடியும். அந்த பெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

கோயமுத்தூர்னா எதுங்க? கார்ப்பரேஷனா, மாவட்டமா?

எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்போதைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 10.5 லட்சம் பேர். ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத்திரளில் 21 லட்சத்துக்கு மேல். மாவட்டம் முழுக்க எடுத்தால் 34.6 லட்சம். மூன்றையும் ‘கோவை’ என்றே அச்சடிக்கிறார்கள். 10 லட்சம் பேரைத் தாண்டினால் பெருநகரப் பகுதி என்பது அரசியல் சாசனத்தில் உள்ள அளவு. அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரத்திரள்களில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கும் அதைத் தாண்டியிருந்தன.

இன்னொன்று. 2009இல்தான் திருப்பூர் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய கோவை மாவட்டப் புள்ளிவிவரத்துக்குள் பனியன் கம்பெனிகளும் இருக்கும். அதை இன்றைய கோவையோடு ஒப்பிட்டு ‘தொழில் படுத்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

எங்க பாத்தாலும் ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்குது. வேலை இல்லைன்னு சொல்றது யாருங்க?

போர்டு பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகப் படியுங்கள். டர்னர், ஃபிட்டர், ஹெல்பர் தேவை. 12 மணி நேர ஷிஃப்ட். கடைசி வரியில் ‘தங்கும் இடம் உண்டு’. அந்தக் கடைசி வரி யாரைக் கூப்பிடுகிறது? குடும்பத்தை வேறெங்கோ விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கும் இளைஞனை. லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று) வாடகை கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்கு அந்த போர்டு எழுதப்படவில்லை.

எங்கள் பெஞ்சில் வேலை கேட்பவர்கள் வேறு ரகம். பவுண்டரியில் இருபது வருடம் மோல்டிங் பார்த்து முதுகு போன ஐம்பது வயதுக்காரர். பி.காம். முடித்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடு திரும்புகிற மாதிரி வேலை தேடும் பெண். போர்டும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், இரண்டும் பொருந்தவில்லை. ‘வேலை இல்லை’ என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால், குடும்பம் நடத்துகிற அளவுக்குக் கூலி தரும் வேலை இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

இந்தியாவுல வேலையின்மை 3 சதவீதம்தானாமே? நம்பறதுங்களா?

அந்த எண் தவறில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று ஒன்றை நடத்துகிறது. அதன் 2023-24 அறிக்கையில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 3.2 சதவீதம். வழக்கமான நிலை என்ற அளவுகோலில் கிடைத்த எண் அது. கடந்த ஒரு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா இருந்தவர்கூட, ஒரு 30 நாள் ஏதாவது வேலை பார்த்திருந்தால் வேலையில் உள்ளவராகிவிடுவார். கடந்த ஏழு நாட்களை மட்டும் பார்க்கும் வாராந்தர அளவுகோலில் அதே ஆண்டு 4.9 சதவீதம் வந்தது. அதிலும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு.

சம்பளம் எவ்வளவு என்பது இந்தச் சதவீதத்துக்குள் வரவே வராது. சேமிப்பு இல்லாதவர் சும்மா இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார். அதனால் ஏழைகள் நிறைந்த ஊரில் வேலையின்மை குறைவாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, கோயமுத்தூருக்குன்னு தனியா எத்தனை சதவீதம்?

நம்பிச் சொல்ல ஒரு எண் கிடையாது. அந்தக் கணக்கெடுப்பின் மாதிரி மாநில அளவுக்குப் போதுமானதாக வடிவமைக்கப்பட்டது. ஒரு ஊருக்கு என்று பிரித்தால் கேட்கப்பட்ட வீடுகள் மிகக் குறைந்துவிடும். 2025 ஜனவரியில் மாதிரி எடுக்கும் முறையை மாற்றி மாவட்டத்தை அடிப்படை அலகாக்கினார்கள். ஆனாலும் மேலே முதல் பதிலில் சொன்ன சிக்கல் இருக்கிறது: மாவட்டம் என்றால் வால்பாறைத் தேயிலைத் தோட்டமும் அதற்குள் வரும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையை எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. வேலையில் இருந்துகொண்டே அரசு வேலைக்காகப் பதிவைப் புதுப்பிக்கிறவர்கள் ஏராளம். பதிவே செய்யாமல் வேலை தேடுகிறவர்கள் அதைவிட ஏராளம். வேலையின்மையை அளக்க அது உதவாது.

சொந்தமா லேத் வெச்சிருக்கேன். அப்ப நான் முதலாளிதானுங்களே?

கேட்டவருக்கு இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், வாடகை ஷெட். ஆள் கிடையாது, அவரும் தம்பியும்தான். விசிட்டிங் கார்டில் ‘புரொப்ரைட்டர்’. பெரிய பம்ப் கம்பெனிக்கு வேலை செய்யும் ஒருவர் இவரிடம் காஸ்டிங்கைக் (பவுண்டரியில் வார்த்த பாகம்) கொண்டுவந்து போடுவார். இவர் கடைந்து கொடுத்து பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ஜாப் ஒர்க் கூலி வாங்குவார். பொருள் இவருடையது இல்லை, விலை இவர் வைப்பதில்லை, டிராயிங் அவர்களுடையது. இவருடையது என்று இருப்பவை மெஷின் கடன், கரண்ட் பில், ஷெட் வாடகை. புள்ளிவிவரத்தில் இவர் ‘சுயதொழில் செய்பவர்’. அதற்குள்ளும் கூலிக்கு ஆள் வைக்காதவர். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்களும் இதே நிலைமைதான். 2022இலும் 2025இலும் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்கிறவரை முதலாளி என்பதா, தொழிலாளி என்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

செலவு ஏறினால் அதை மேலே தள்ள இவர்களால் முடியாது என்பதுதான் உண்மையான வலி. 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் ஏறியது. மறு வருடம் செப்டம்பரில் சிறுதொழிற்சாலைகள் ஒரு நாள் கதவடைப்பு செய்ததற்கு அதுதான் காரணம். பம்ப் கம்பெனி அதற்காக பீஸ் ரேட்டை ஏற்றிக் கொடுத்ததாக எங்கள் பெஞ்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம், பணம் வரும் நாள். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி போட்டார்கள்: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இதெல்லாம் கிடைக்க உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும், அது இலவசம். பதிவு செய்தாயிற்று, வட்டி கேட்டார்களா என்றால் இல்லை. கேட்டால் அடுத்த மாதம் காஸ்டிங் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும்.

தனிநபர் வருமானம் லட்சக்கணக்குலன்னு போட்டிருக்காங்க. அது யாருக்கு வருதுங்க?

மாவட்டத்தில் ஒரு வருடம் உற்பத்தியான மொத்த மதிப்பைத் தலைக்கணக்கால் வகுத்தது அது. கம்பெனி லாபமும் அதற்குள் இருக்கிறது. அந்த லாபம் இந்த ஊரிலேயே தங்க வேண்டும் என்றும் இல்லை. சம்பளக் கவரோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது.

சரி, சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீதியில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் மாதம் 20,000, பத்தாவது வீட்டில் 3,20,000. சராசரி 50,000. அந்தத் தொகையை வாங்குகிற வீடு வீதியில் ஒன்றுகூட இல்லை. வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் வீட்டைக் கேட்டால் 20,000 என்று சொல்லும். அவிநாசி ரோட்டில் ஒரு பக்கம் ஐ.டி. கட்டடமும், உள்ளே திரும்பினால் லைன் வீடுகளும் உள்ள ஊரில் நடு வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

மாசம் பதினஞ்சாயிரம் வாங்கறேன், நாலு பேர் வீடு. நான் ஏழையா, இல்லையா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிண்டலாகச் சொல்லவில்லை. டெண்டுல்கர் குழு முறையில் 2011-12க்குத் தமிழ்நாட்டு நகரங்களுக்கு வகுத்த வறுமைக்கோடு தலைக்கு மாதம் 937 ரூபாய். அந்தக் கோட்டுக்குக் கீழே நம் மாநில நகரவாசிகளில் 6.54 சதவீதம் பேர். நகரத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய் செலவழித்தால் ஏழையில்லை என்று 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லி நாடே சிரித்ததே, அதே வழியில் வந்த கோடு. அதன்பின் ரங்கராஜன் குழு கோட்டை உயர்த்தச் சொன்னது. அரசு அதை ஏற்று அறிவிக்கவில்லை. ஆக, இன்றைய தேதிக்கு அதிகாரபூர்வமான புதிய கோடு இல்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். 15,000ஐ நாலால் வகுத்தால் தலைக்கு 3,750. அன்றைய 937ஐ விலைவாசிக்கு ஏற்றபடி ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினாலும் நீங்கள் கோட்டுக்கு நன்றாக மேலே. ஆனால் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரங்களின் சராசரிச் செலவு தலைக்கு 8,165 ரூபாய். அதில் பாதிகூட உங்களுக்கு வரவில்லை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கோ பணத்தைக் கேட்பதே இல்லை. சத்துணவு, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு என்று 12 குறியீடுகள். 2019-21 தரவில் தமிழ்நாட்டில் வெறும் 2.20 சதவீதம். லைன் வீட்டில் கரண்ட் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்குப் போகிறது, கணக்கும் இருக்கிறது. ஆக நீங்கள் அதிலும் ஏழை இல்லை. மாதக் கடைசியில் தோட்டை அடகு வைப்பது எந்தக் குறியீட்டிலும் இல்லை.

எட்டு லட்சம் வரைக்கும் ஏழைங்கறாங்க, இன்னொரு ஆபீஸ்ல ஒண்ணேகால் லட்சமே அதிகம்ங்கறாங்க. எதுதாங்க கணக்கு?

ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். முன்பு 72,000. மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள், அதோடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் கரண்ட், நில வரம்பு என்று வேறு நிபந்தனைகள். மத்திய அரசின் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு ஒதுக்கீட்டுக்கு 8 லட்சம் (தமிழ்நாடு அரசு இதைத் தன் வேலைகளில் அமல்படுத்தவில்லை). முந்தைய கேள்வி கேட்டவருக்கு ஆண்டுக்கு 1.8 லட்சம் வருகிறது. காப்பீட்டுக்குப் பணக்காரர், உரிமைத்தொகைக்கு ஏழை.

அதனால் ‘எனக்குத் தகுதி இல்லை’ என்று ஒரு அலுவலகத்தில் கேட்ட பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்தத் திட்டம், எந்த வரம்பு என்று தனித்தனியாகப் பாருங்கள்.

ரேஷன்ல அரிசி சும்மா தர்றாங்க, பஸ்ஸும் லேடீஸுக்கு ஃப்ரீ. அப்புறம் என்ன வறுமை?

2011 ஜூன் முதல் அரிசி இலவசம், 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். இவை இல்லாவிட்டால் நிலைமை எங்கே இருந்திருக்கும் என்பது கணக்கு எழுதும் எனக்குத் தெரியும். காந்திபுரத்தில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு பஸ் காசு மிச்சமாவது சம்பள உயர்வு மாதிரி.

ஆனால் சோற்றுச் செலவு குறைந்த இடத்தில் வேறு மூன்று செலவு வந்து உட்கார்ந்துவிட்டது: வாடகை, பள்ளிக் கட்டணம், வாரத் தவணை. சுய உதவிக் குழு மாதிரி பத்துப் பெண்களைச் சேர்த்துக் கடன் தரும் கம்பெனியின் ஆள் வாரம் தவறாமல் வந்து நிற்பார். அரிசி இலவசம் என்பதால் அவர் ஒரு வாரம் விட்டுவிட மாட்டார்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. புடிச்சா கைக்கு வர்றது குறையுது. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாமுங்களா?

முடியாது, சட்டம் பொருந்துகிற இடத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 15,000 சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 113 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. 488 போட வேண்டும். ஈ.எஸ்.ஐ. பத்துப் பேர் உள்ள இடத்துக்கு, மாதம் 21,000 வரை. பி.எஃப். இருபது பேர் உள்ள இடத்துக்கு. கோவைப் பட்டறைகளில் பாதிக்கு ஒன்பது பேரிலேயே வளர்ச்சி நின்றுபோவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள், கட்டவில்லை. பிரஸ் மெஷினில் விரல் போன பிறகுதான் பையனுக்கே தெரிந்தது. அவன் அம்மா சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் பத்து நடை நடந்தார். மாதத்துக்கு ஒரு தடவை போனில் கணக்கைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். முதலாளி பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருடச் சேவை இருந்தால்தான் பென்ஷன். கம்பெனி மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தையும் சேர்த்து உருவினால் ஒவ்வொரு தடவையும் கணக்கு சைபரிலிருந்து ஆரம்பிக்கும். கல்யாணச் செலவுக்கு எடுத்தோம் என்பார்கள். என்ன சொல்ல முடியும்?

மில்லெல்லாம் மூடுனதாலதான் ஊர் இப்படி ஆயிடுச்சா?

பாதி உண்மை. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள் எழுந்தன. தொழிற்சங்கமும் எழுந்தது, 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கில் போடப்பட்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் நிரந்தர வேலை, பஞ்சப்படி, போனஸ், பணிக்கொடை. பிறகு நலிந்த மில்களை அரசு எடுத்தது. அந்த தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, அதன்பின் பழையபடி ஓடவில்லை.

நூற்பு ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. நகரத்துக்கு வெளியே, விடுதியில் தங்க வைத்த இளம் பெண்களையும் வெளிமாநிலத்தவரையும் வைத்து ஓடுகிறது. நூல் அங்கே கிடைக்கிறது. நிரந்தரம், பஞ்சப்படி, போனஸ் என்று இருந்த வேலைதான் போய்விட்டது. லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்களில் பலர் இன்று கடைக்குப் போகிறவர்கள்.

வடக்கத்திப் பசங்க வந்துதான் கூலி எறங்கிப்போச்சு. இதையாவது ஒத்துக்குவீங்களா?

முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். பவுண்டரியில் உருக்கிய இரும்பை ஊற்றும் வேலையை, அதைச் செய்த அப்பாக்களே தங்கள் பிள்ளைகள் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். கடன் வாங்கி இன்ஜினியரிங் சேர்த்தார்கள். காலியான இடத்துக்குத்தான் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்தார்கள். 2023 மார்ச்சில் தாக்குதல் நடப்பதாகப் பொய் வீடியோ பரவி அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது, அவர்களைத் தடுத்து நிறுத்த ஓடியவர்கள் இங்குள்ள பட்டறைக்காரர்கள்தான்.

ஒத்துக்கொள்ள வேண்டிய பங்கும் உண்டு. கம்பெனி அறையில் தங்கி 12 மணி நேரம் உழைக்கத் தயாராக ஒருவர் இருக்கும்போது, எட்டு மணி நேரம் கேட்கும் உள்ளூர் ஹெல்பரின் பேரம் பலவீனமாகிறது. அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் 12 மணி நேரத்தைப் போர்டில் எழுதியது அந்தப் பையன் இல்லை.

பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாப்பாடு டெலிவரி ஓட்டறான். அவன் வேலையில இருக்கானா?

மூன்றாவது பதிலில் சொன்ன அளவுகோலில் வேலையில் இருக்கிறான். பெட்ரோலும் வண்டித் தவணையும் அவன் பாடு என்பதால் சுயதொழில்காரர் வகையிலேயே வருவான், லேத் வைத்திருப்பவர் மாதிரியே. இப்படிப்பட்டவர்களுக்கு 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனி நலவாரியம் அமைத்தது. பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எங்க பஞ்சாயத்தை கார்ப்பரேஷன்ல சேக்கறாங்களாம். நல்லதுதானே?

நிலம் வைத்திருப்பவருக்கு நல்லது. ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். எல்லைக்கோடு நகர்ந்த அன்றே அந்த வேலை போய்விடும், சொத்து வரி ஏறும். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் பெண்கள் மறியலில் உட்கார்ந்தது இதனால்தான். எல்லை மாறினாலும் காட்டு வேலைக்கும் களை வெட்டவும் போகிறவர்கள் அதே பெண்கள்தான்.

சென்சஸ்காரங்க வந்தா உண்மையைச் சொன்னா கார்டு, உதவித்தொகை போயிடுமா?

போகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஆளின் பதில் ரகசியம். வழக்கில்கூட ஆதாரமாகக் காட்ட முடியாது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பயப்பட வேண்டியது எதுவுமில்லை.

வேறொன்றைக் கவனியுங்கள். ‘சம்சாரம் வீட்டுல சும்மாதான் இருக்காங்க’ என்று சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் நகரத்துப் பெண்களில் 28 சதவீதம் பேர்தான் வேலையில் அல்லது வேலை தேடுவதில் இருப்பதாக வந்திருக்கிறது. கடைக் கணக்கு பார்ப்பதும், கிலோவுக்கு இத்தனை என்று வீட்டில் ரப்பர் பாகத்துக்குப் பிசிறு வெட்டுவதும் வேலைதான். 2011இல் எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சரிடம் அப்பா அப்படித்தான் சொன்னார். அம்மா அப்போது உள்ளே மூட்டையைப் பிரித்து வெட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் காதில் கத்தரிச் சத்தம் விழுந்திருக்கும், ஆனால் அவர் அப்பா சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போனார்.